வேலங்காட்டுப்புதூருக்கு யார் எப்போது வந்தார்கள்

கோயமுத்தூர் கணபதியிலிருந்து வடக்கே போகிற ரோட்டில் இரண்டு மைல் தள்ளி இருக்கிறது வேலங்காட்டுப்புதூர். யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, புதூர் என்றால் போதும். நான் காங்கேயத்திலிருந்து கணபதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகி அங்கே குடிபோனது 1992-ல். போன மூன்றாம் நாள் காலையில் ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கக்கத்தில் தடித்த நோட்டு, காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. வீட்டில் எத்தனை பேர், பேர் என்ன, வயது என்ன, ஐந்து வயதுக்குள் குழந்தை உண்டா, யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பைப்பில் தண்ணீர் செவ்வாயும் சனியும்தான் வரும், விடிகிறதற்கு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நாங்கள் வந்திருக்கிறோம் என்று புதூரில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான்.

பெயர் தாஜுன்னிசா. ஊருக்குத் தாஜு டீச்சர். பால்வாடி நடத்துகிறவர்.

பிறந்தது கோட்டைமேட்டில். கணவர் அப்துல் கையூம் புதூரை ஒட்டியிருந்த ஒரு ஃபவுண்டரியில் வார்ப்பு அச்சு எடுக்கிற மோல்டராக வேலை பார்த்தார். நகரத்துக்குள்ளிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வந்து போவது முடியவில்லை. 1973-ல், கல்யாணமான மறு வருஷம், கோபாலசாமி நாயுடுவின் தோட்டத்து ஓரத்தில் இருந்த இரண்டு அறை வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள். அப்போது ஊரில் மொத்தமே எண்பது வீடுகளுக்குள்தான். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற நாயுடு குடும்பங்கள், கவுண்டர் குடும்பங்கள், தெற்கே அருந்ததியர் காலனி, சுற்றிலும் பருத்தியும் சோளமும். முஸ்லிம் வீடு இவர்களுடையது ஒன்றுதான். பாங்கு சத்தம் கேட்கிற தூரத்தில் பள்ளிவாசல் இல்லாததால், முதல் ரம்ஜான் முழுக்க மில் சங்கையும் வானத்தையும் பார்த்துத்தான் நோன்பு திறந்தார்களாம். ஆறு வருஷம் கழித்துக் கோபாலசாமியே ஐந்து சென்ட் இடத்தைக் கிரயம் செய்து கொடுத்தார். கையூம் ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கல் சுமந்து கட்டிய வீடு அது.

1982-ல் பால்வாடி வந்தபோது ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்கள் இரண்டே பேர். ஒருத்தியை மாமியார் விடவில்லை. தாஜுன்னிசா வேலைக்குச் சேர்ந்தார். காலனியிலிருந்து மாரியாத்தாள் ஆயாவாக வந்தார். குழந்தைகளுக்குச் சோறு போடுவது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, மாதம் ஒருமுறை தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பது என்பதெல்லாம் ஒரு பக்கம். வருஷம் ஒருமுறை ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஆட்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். பல ஊர்களில் போன வருஷக் கணக்கோடு பத்தைக் கூட்டி வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடுவார்கள். தாஜு டீச்சர் நடந்தார். ஏப்ரல் வெயிலில், மாரியாத்தாளைக் கூட்டிக்கொண்டு, ஒரு வீடு பாக்கியில்லாமல்.

முதல் வருஷம் நூற்றுப் பதினெட்டு வீடு. 1990-ல் நானூற்றுப் பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் ஊர் வீங்கத் தொடங்கியது. கிணறு வற்றிய தோட்டங்களில் வெள்ளையடித்த அளவுக் கல் நட்டார்கள். கோபாலசாமியின் எட்டு ஏக்கர் அமுதம் நகர் ஆனது. ரோட்டோரம் லேத் பட்டறை, பம்ப் பட்டறை, கிரைண்டர் கல் கொத்துகிற கொட்டகை என்று முளைத்தன. பட்டறைக்கு வந்த ஆட்களுக்காக, ஒரே வரிசையில் பத்து அறை, பொதுவில் ஒரு குழாய், இரண்டு கக்கூஸ் என்று லைன் வீடுகள் கட்டினார்கள். தேனி, திண்டுக்கல், பரமக்குடி, பாலக்காடு என்று எங்கெங்கிருந்தோ சனம் வந்து இறங்கியது. பழைய ஊர்க்காரர்களுக்கு எதிர்த் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போனது. தாஜு டீச்சருக்கு மட்டும் தெரியும். யார் எந்த லைனில் எத்தனாவது அறை, யாருடைய மனைவிக்கு எத்தனாவது மாதம், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று கேட்டால் நோட்டைத் திறக்காமலே சொல்வார்.

அவருடைய பிடிவாதத்தை ஊர் முதலில் பார்த்தது 1993-ல். பால்வாடியில் நாற்பது குழந்தைகளுக்குத்தான் அனுமதி. லைன் வீடுகளில் மட்டும் நூற்றுக்கு மேலே குழந்தைகள். இரண்டாவது மையம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். லைன் வீடுகள் அனுமதி வாங்காமல் கட்டியவை, அதனால் ரெகார்டில் அந்த வீடுகளே கிடையாது, வீடு இல்லாத இடத்தில் குழந்தை எப்படி இருக்கும் என்று பதில் வந்தது. டீச்சர் அதைப் படித்து, மடித்து நோட்டுக்குள் வைத்தார். அடுத்த திங்கட்கிழமை, பட்டறை டெம்போ ஓட்டுகிற கருப்புசாமியைப் பிடித்து, அவருடைய இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஐம்பத்தாறு குழந்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போய் வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்துவிட்டார். ஒன்று அழுதது, நாலைந்து ஒன்றுக்குப் போயின, பாக்கியெல்லாம் பால்வாடிப் பாட்டைச் சத்தமாகப் பாடின. அதிகாரி வெளியே வந்து இதென்ன என்று கேட்டார்.

“ரெகார்டுல இல்லாத புள்ளைங்க இவங்கதானுங்க. ஒருக்கா நேர்ல பாத்துப்போட்டு இல்லைன்னு எழுதுங்க” என்றார் டீச்சர்.

ஆறு மாதத்தில் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் இரண்டாவது மையம் வந்தது. அதற்கு வேறு ஒரு டீச்சரைப் போட்டார்கள். கணக்கெடுப்பு மட்டும் ஊர் முழுக்க இவரே செய்தார். கேட்டால், பாதி ஊரை எண்ணிப் பழக்கமில்லை என்பார்.

இந்த அம்மாவைத்தான் ஐந்து வருஷம் கழித்து ஊரைவிட்டுப் போகச் சொன்னோம். சொன்னோம் என்று நான் எழுதுவது தெரிந்துதான் எழுதுகிறேன்.

97 நவம்பரில் கோயமுத்தூருக்குள் நடந்த கலவரமும், அடுத்த பிப்ரவரியில் வெடித்த குண்டுகளும் இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவை இல்லை. இரண்டிலும் ஒரு பாவமும் அறியாத சனங்கள் செத்தார்கள். புதூரில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் பயம் பஸ் ஏறி வந்துவிட்டது. கடையில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் யாராவது வந்தால் நிறுத்தினார்கள். அமுதம் நகரில் குடியிருப்போர் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனு கொடுப்பதுதான் அதுவரை அதன் வேலை. அதன் செயலாளர் சசிதர், பம்ப் கம்பெனி ஒன்றில் மேனேஜர், 95-ல் உடுமலைப் பக்கத்திலிருந்து வந்து வீடு கட்டியவர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். அவர் நெற்றியைச் சுருக்கி நான் பார்த்ததே இல்லை. நானும் அந்தச் சங்கத்தில் கமிட்டி மெம்பர்.

குண்டு வெடித்துப் பத்து நாள் இருக்கும். சசிதரும் நானும் இன்னொருவரும் பால்வாடிக்குப் போனோம். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

“டீச்சர், உங்க நோட்டுல எல்லா ஊடும் இருக்குதுங்களே” என்று சசிதர் ஆரம்பித்தார். “நம்ம பக்கத்துல உங்காளுங்க ஊடு எது எதுன்னு ஒரு லிஸ்ட் மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதும்ங்க. பாதுகாப்புக்குத்தான்.”

“யாரோட பாதுகாப்புக்குங்க?”

“எல்லாத்துக்கும்தானுங்க.”

“அப்பிடின்னா எல்லா ஊட்டையும் எழுதோணும். ஆயிரத்து முந்நூறு ஊடு இருக்குது. உங்க ஊட்டுல இருந்து ஆரம்பிக்கட்டுங்களா?”

சசிதர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. குழந்தைகள் எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தியே பேசினார். “இதுல வயசு இருக்குது, எடை இருக்குது, ஊசி போட்ட தேதி இருக்குது. நீங்க கேக்கறது இருந்தாலும் குடுக்க மாட்டேனுங்க.”

அந்த நோட்டில் பெயர்கள் இருந்தன. பெயரைப் படித்தாலே வீடு தெரிந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புதூரில் அப்போது ஒன்பது முஸ்லிம் வீடுகள். அவருடைய வீடு ஒன்று, லைனில் ஆறு, அமுதம் நகரில் இரண்டு. அன்றைக்கு மாலையே டீச்சர் பதினாறு வருஷ நோட்டுகளையும் பால்வாடி பீரோவிலிருந்து எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று மாரியாத்தாள் பிறகு சொன்னார். இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்கு சுமந்தார்களாம்.

பிறகுதான் மனு வந்தது. தற்போதைய சூழ்நிலையில் மேற்படி பணியாளரின் பாதுகாப்பையும் குழந்தைகளின் நலனையும் கருத்தில் கொண்டு அவரை வேறு மையத்துக்கு மாற்ற வேண்டும் என்று டைப் அடித்திருந்தது. சசிதர் வீடு வீடாக எடுத்து வந்தார். என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தார். பேனாவும் அவரே கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டிருந்தோம். என் மனைவி அன்று சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று வயதாகியிருந்த எங்கள் சின்னவளைப் பால்வாடிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் போலவே நிறையப் பேர். நாற்பத்தெட்டுக் குழந்தைகள் வந்துகொண்டிருந்த மையத்தில் ஒன்பது மிஞ்சியது. அதில் ஏழு காலனிக் குழந்தைகள். டீச்சர் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தார். கூட்டினார். கோலம் போடுவது மாரியாத்தாள் வேலை, அவர் போட்டார். ஒன்பது குழந்தைகளுக்கு நாற்பத்தெட்டுக் குழந்தைகளின் பாட்டைப் பாடினார்.

மார்ச் கடைசியில் மேற்பார்வையாளர் அம்மா வந்தார். கெட்டவர் இல்லை. தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அமைதியான ஊர், இப்போதைக்குப் போய்விட்டுப் பிறகு வேண்டுமானால் திரும்பி வரலாம், எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான் என்று எடுத்துச் சொன்னார். டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“சரிங்கம்மா. எதுக்காக மாத்தறீங்கன்னு காரணத்தப் போட்டு எழுத்துல குடுத்துருங்க. நாளைக்கே போயிடறேன்.”

மேற்பார்வையாளர் அம்மா பேனாவை எடுத்தார். மூடிவைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

வெளியே இப்படி நின்றவருக்கு வீட்டுக்குள் அவ்வளவு சுலபமாக இல்லை. மகன் இல்யாஸ் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலையாக இருந்தான். கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், நானே சொல்லி அனுப்புகிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சொல்லி அனுப்பவில்லை. மருமகள் ஃபஹீமாவுக்கு ஐந்தாவது மாதம். லைனில் இருந்த ஆறு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகச் சாமானை ஏற்றிக்கொண்டு கரும்புக்கடை பக்கமும் குனியமுத்தூர் பக்கமும் போனார்கள். அங்கே போனால் சுற்றிலும் நம் சனம், கதவைத் திறந்து வைத்துத் தூங்கலாம் என்றான் இல்யாஸ். இந்தப் பேச்சைத் தாஜு டீச்சர் ரொம்ப நாள் கழித்து என் மனைவியிடம் சொன்னார். மகன் சொன்னதில் தப்பே இல்லை என்றும் சொன்னார்.

“உங்க வீம்புக்கு நாங்க எல்லாரும் இங்க கெடக்கோணுமாம்மா?” என்று அவன் கேட்டானாம்.

“நீ போ கண்ணு. உம் பொண்டாட்டி புள்ளைய நீதான் பாத்துக்கோணும், அது ஞாயம். நான் போனா அந்த மனுவுல எழுதுனது நெசம்னு ஆயிரும். அதுக்கு என்னால ஆகாது.”

அவன் அப்பாவைப் பார்த்தான். கையூம் அதிகம் பேசாத மனிதர். ஃபவுண்டரி வெக்கையில் முப்பது வருஷம் நின்று கறுத்த முகம். இந்தச் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமென்றால் நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். ஏப்ரல் முதல் வாரம் இல்யாஸும் ஃபஹீமாவும் போனார்கள். டெம்போவில் சாமான் ஏற்றிக் கொடுத்தவர் கருப்புசாமி. டீச்சர் வாசல்வரை வந்து மருமகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லி அனுப்பினார். உள்ளே போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை என்று கருப்புசாமி சொன்னார்.

மறுநாள் கணக்கெடுப்பைத் தொடங்கினார்.

ஒவ்வொரு வருஷமும் எடுப்பதுதான். ஆனால் இந்தத் தடவை நோட்டில் இரண்டு புதுக் கட்டங்கள் போட்டிருந்தார். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்று ஒன்று, எந்த வருஷம் என்று ஒன்று. அலுவலகத்தில் யாரும் கேட்காத கேள்விகள் அவை. பத்தொன்பது நாள் நடந்தார். கதவைத் திறக்காத வீடுகள் இருந்தன. நின்று பார்ப்பார். நாளைக்கு வாரேனுங்க என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். சொன்னபடி நாளைக்கு வருவார். மூன்றாம் நாள் அவர்களே திறந்துவிடுவார்கள். மாரியாத்தாள் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். உனக்கு ஏன் வம்பு என்று காலனியில் யாரோ கேட்டதற்கு, பதினாறு வருஷமாகக் கூட நடக்கிற காலுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்டாராம்.

சசிதர் வீட்டில் அவர் மனைவி ஹரிதா கதவைத் திறந்தார். சசிதர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹரிதா திரும்பித் திரும்பிப் புருஷனைப் பார்த்துக்கொண்டே, உடுமலை, தொண்ணூற்றைந்து என்று சொன்னார். பேப்பர் கீழே இறங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான்தான் இருந்தேன். காங்கேயம், தொண்ணூற்றிரண்டு என்றேன். எழுதிக்கொண்டார். மனுவைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்து, சொல்வதற்கு இரண்டு மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. “சின்னவளுக்குப் போன மாசம் எடை பாக்கலீங்க. அதுக்கு முந்தின மாசமே ஒரு கிலோ கொறச்சலா இருந்தா. முட்டை குடுக்கறீங்களா?”

கொடுக்கிறோம் என்றேன். கொடுக்கவில்லை.

மே முதல் தேதி கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். வழக்கமாக நாற்பது பேர் வருகிற கூட்டத்துக்கு அன்றைக்கு முந்நூறு பேருக்கு மேல். பால்வாடி டீச்சரை மாற்றும்படி தீர்மானம் போடப் போகிறார்கள் என்று பேச்சுப் பரவியிருந்தது. ஊராட்சித் தலைவர் வரதராஜுலு மேஜைக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்வரிசை நாற்காலியில் கோபாலசாமி நாயுடு. எழுபது வயது, வெள்ளை வேட்டி சட்டை. அவர் தலையசைத்தால் பழைய ஊர்க்காரர்கள் தலையசைப்பார்கள். பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி பங்காரம்மா.

தண்ணீர் தொட்டி, ரோடு எல்லாம் முடிந்து கடைசியில் சசிதர் எழுந்தார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சரின் சேவையை ஊர் மறக்காது என்றார். காலம் சரியில்லை என்றார். இங்கே ஊரோடு வேர் விட்டவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்தவர்களும் அவரவர் சனத்தோடு பத்திரமாக இருக்க வேண்டும், அதுதான் எல்லோருக்கும் நல்லது என்று முடித்தார். கைதட்டினார்கள்.

டீச்சர் பெண்கள் பக்கத்திலிருந்து நோட்டோடு எழுந்து முன்னால் வந்தார். தலைவர் மைக்கைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மைக் இல்லாமலே பேசத் தொடங்கிவிட்டார். ஐம்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் அது.

“இந்த வருசக் கணக்கு முடிஞ்சுதுங்க. புதூர்ல ஆயிரத்து முந்நூத்தி எம்பத்திநாலு ஊடு. எந்த ஊடு எப்ப வந்துதுன்னு எழுதியிருக்கறேன். நான் வந்தது எழுவத்திமூணுல. எனக்கு முன்னால இருந்து இங்க இருக்கறது அறுவத்திநாலு ஊடு. மிச்சம் ஆயிரத்து முந்நூத்திச் சொச்சமும் எனக்குப் பின்னால வந்தது. அத்தனை பேத்தையும் வாசல்ல வந்து, பேரக் கேட்டு, இந்த ஊர்க் கணக்குல எழுதுனது நான்தானுங்க.”

அவர் சசிதரைப் பார்க்கவில்லை. கூட்டம் முழுவதையும் பார்த்தார்.

“வெளியில இருந்து வந்தவங்க போகோணும்னா, அத அந்த அறுவத்திநாலு ஊடும் சொல்லட்டும். யோசிக்கறேன். எனக்குப் பின்னால வந்தவங்க சொல்ல வேண்டாம்.”

பிறகு நோட்டைத் திறந்து அந்த அறுபத்து நான்கு வீட்டுக்காரர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, போகோணுமா இருக்கோணுமா என்று கேட்டார். முதல் பெயரே மாரியாத்தாளின் மாமனார் பெயர். மாரியாத்தாள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து, “எங்க ஊடு இருக்கோணும்னு சொல்லுது” என்றார். காலனியில் இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டும் அதையே சொன்னது. சிலர் கூட்டத்தில் இல்லை, பதில் வராத பெயர்களை அவர் ஒரு புள்ளி வைத்துத் தாண்டினார். சில கவுண்டர் வீட்டுப் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருக்கட்டுமுங்க, என்ன இப்போ என்றார்கள். இரண்டு பேர், போனால் நல்லதுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அதையும் எழுதிக்கொண்டார்.

கோபாலசாமி நாயுடு என்று படித்தார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் காத்திருந்தார். இருபத்தைந்து வருஷப் பழக்கம், வீட்டுக்கு இடம் கொடுத்தவர். அமுதம் நகரை விற்றவரும் அவர்தான், பாக்கி இருந்த நாலு ஏக்கரை அடுத்து விற்கப் போகிறவரும் அவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

“எங்க ஊட்டுக்கு நான் சொல்றேனுங்க” என்று பெண்கள் பக்கத்திலிருந்து பங்காரம்மாவின் குரல் வந்தது. அந்த அம்மா பொதுக் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. எழுந்து நிற்கவும் இல்லை, உட்கார்ந்தபடியே சொன்னார். “டீச்சர் இருக்கோணும். எழுதிக்கம்மணி.”

கோபாலசாமி திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அறுபத்து நான்கில் நாற்பத்தொன்பது வீடு இருக்கச் சொன்னது. தலைவர் வரதராஜுலு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பொருள் பிறகு பரிசீலிக்கப்படும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அப்புறம் யாரும் அதைப் பரிசீலிக்கவில்லை.

நான் அன்று எழுந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. என் பெயர் அந்த அறுபத்து நான்கில் இல்லை என்பது வசதியாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் என் மனைவி என்னிடம் கேட்காமல் சின்னவளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பால்வாடிக்குக் கூட்டிப் போனாள். அன்றைக்கு மாலை நான் வட்டார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று. அப்படிப் பதினேழு கடிதம் போனதாகப் பிறகு தெரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் பதினேழு.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜூனில் முப்பத்தொரு குழந்தைகள் வந்தன. சிலர் கடைசிவரை அனுப்பவே இல்லை. அமுதம் நகரில் ஒரு நர்சரிப் பள்ளி திறந்தது, டை கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். அமுதம் நகரின் இரண்டு முஸ்லிம் வீடுகளில் ஒன்று விற்றுவிட்டுப் போனது. இல்யாஸ் திரும்பி வரவில்லை. கரும்புக்கடையிலேயே சின்னதாகப் பட்டறை போட்டான். ஆகஸ்டில் பேரன் பிறந்தான், அஃபான் என்று பெயர் வைத்தார்கள். டீச்சரும் கையூமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் மகன் கேட்பான், எப்போது வருகிறீர்கள் என்று. வந்துவிட்டுத்தானே போகிறோம் என்பார் டீச்சர். கோபாலசாமி நாயுடுவோடு அவர் பிறகு பேசவே இல்லை. அவர் வீட்டில் கணக்கெடுக்கப் போனால் பங்காரம்மாவிடம் மட்டும் கேட்டு எழுதிக்கொள்வார். நாயுடு ஒருமுறை வலிய வந்து வணக்கம் சொன்னபோது பதில் வணக்கம் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மன்னிக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்டதற்கு, அவர் இன்னும் தப்பு என்று சொல்லவில்லையே, எதை மன்னிக்கட்டும் என்றார்.

99 அக்டோபரில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவன் வெல்டர், பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. மனைவி, மூன்று வயதில் நஸ்ரியா என்று ஒரு பெண் குழந்தை. லைனில் நாலு அறை காலியாகக் கிடந்தும் பெயரைக் கேட்டதும் ஆள் வருகிறது, பேசி வைத்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரோ அவர்களைத் தாஜு டீச்சர் வீட்டுக்குக் கை காட்டினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு, டீச்சர் அவர்களோடு லைன் வீட்டு ஓனரிடம் போனார். நான் அப்போது அந்தத் தெருவில் டெலிபோன் கம்பத்தடியில் வேலையாக நின்றிருந்தேன்.

ஓனர் மறுபடியும் ஆரம்பித்தார். அட்வான்ஸ் வாங்கியாச்சு, வேறு ஆள் வருகிறது என்றார்.

“புதூர்க் கணக்குல இவங்க பேர நான் எழுதிட்டேனுங்க” என்று டீச்சர் நோட்டைத் திறந்து காட்டினார். “எத்தனாவது ரூம்புன்னு மட்டும் சொன்னீங்கன்னா அதையும் எழுதிப்போட்டுப் போயிருவேன்.”

ஓனர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் கீழே பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் ஜாமீன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கு அவசியம் வரவில்லை. ஏழாவது ரூமைத் திறந்து காட்டுகிறேன் என்று அவர் சாவி எடுக்க உள்ளே போனார். டீச்சர் பேனா மூடியைக் கழற்றி ஏழு என்று எழுதினார்.